கொசு பிடிக்கும் என்று வாங்கினேன்: பூச்சியுண்ணும் செடிகளோடு நான்கு கோடை

கொசுத் தொல்லைக்காக இந்தச் செடிகளை வாங்க நினைக்கிறீர்கள் என்றால், அந்தக் காசுக்கு ஜன்னலுக்கு வலை அடித்துக்கொள்ளுங்கள். நானும் அப்படி நினைத்துத்தான் 2021 செப்டம்பரில் ஆரம்பித்தேன். மடிப்பாக்கத்தில் மூன்றாவது மாடி, கிழக்குப் பார்த்த பால்கனி. சாயந்திரம் ஆறு மணிக்குக் கதவைச் சாத்தாவிட்டால் அன்றைக்கு ராத்திரி தூக்கம் போச்சு. நான்கு கோடை தாண்டிய பிறகு சொல்கிறேன், என் செடிகள் பிடித்த கொசுவைவிட, அவற்றின் அடியில் நான் வைத்த தட்டில் பிறந்த கொசுதான் அதிகம். அந்தக் கதை பிறகு.

முதல் ஏமாற்றம் விதையில். இணையத்தில் நீலமும் ஊதாவுமாக வீனஸ் ஃப்ளைட்ராப் (பூச்சி பட்டால் இலை வாய் மாதிரி மூடிக்கொள்ளும் செடி) படம் போட்டு விதைப் பாக்கெட் விற்றார்கள். நீல நிறத்தில் அப்படி ஒரு செடியே கிடையாது என்பது அப்போது எனக்குத் தெரியாது. பத்து நாளில் பொலபொலவென்று முளைத்தபோது பெருமை தாங்கவில்லை. அம்மா ஒரு இலையைக் கிள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு, "டேய், இது திருநீற்றுப் பச்சிலைடா" என்றாள். சர்பத்தில் போடும் சப்ஜா விதைக்கு முந்நூறு ரூபாய் கொடுத்திருக்கிறேன். அதனால் விதையில் ஆரம்பிக்காதீர்கள். அசல் விதையே கிடைத்தாலும் வீனஸ் வளர்ந்து ஆளாக மூன்று நான்கு வருடம் பிடிக்கும்.

அப்புறம் செடியாகவே மூன்று வாங்கினேன். வீனஸ் ஒன்று, நெப்பந்தஸ் வென்ட்ராட்டா ஒன்று, ட்ரோசெரா ஒன்று. பள்ளிப் பாடப் புத்தகத்தில் படம் வரைந்து பாகம் குறித்தோமே, அதே குடுவைத் தாவரம்தான் நெப்பந்தஸ், சூரியப் பனித்துளிதான் ட்ரோசெரா.

எல்லோரும் பூச்சி எப்படிக் கொடுக்கிறாய் என்றுதான் கேட்கிறார்கள். கேட்க வேண்டியது தண்ணீரைப் பற்றி. இந்தச் செடிகளின் பூர்வீகம் பெரும்பாலும் சத்தே இல்லாத சதுப்பு நிலம். மழைத் தண்ணீர் மாதிரி சுத்தமான தண்ணீரில் பழகிய வேர்கள். மண்ணில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் கிடைக்காததால்தான் பூச்சி பிடிக்கக் கற்றுக்கொண்டன. மாவுச்சத்தை மற்ற செடிகள் மாதிரி வெயிலிலிருந்துதான் தயாரித்துக்கொள்கின்றன. பூச்சி இவற்றுக்குச் சோறு இல்லை, உரம். ஆறு மாதம் பூச்சியே கிடைக்காவிட்டாலும் சாகாது. ஆறு வாரம் போர் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், செத்துவிடும்.

இதை நான் கற்றுக்கொண்டது 2022 பொங்கலுக்கு ஊருக்குப் போன சமயத்தில். செடிக்குத் தண்ணீர் விடச் சொல்லிப் பக்கத்து வீட்டில் சாவி கொடுத்துவிட்டுப் போனேன். பாவம், அவர்கள் வஞ்சகமில்லாமல் தினமும் குழாய்த் தண்ணீரை நிறைய ஊற்றியிருக்கிறார்கள். வந்து பார்த்தால் ட்ரோசெராவின் பனித்துளி எல்லாம் காய்ந்து, இலை விளிம்பு தீய்ந்த அப்பளம் மாதிரி இருந்தது. அப்புறம்தான் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் வாங்கினேன். முந்நூற்றைம்பது ரூபாய். இந்த விஷயத்தில் நான் செய்த ஒரே உருப்படியான செலவு அதுதான். எங்கள் போர் தண்ணீரில் 1,340 காட்டியது. இந்தச் செடிகளுக்கு ஐம்பதுக்குள் இருக்க வேண்டும், நூறைத் தாண்டவே கூடாது.

ஆர்.ஓ. தண்ணீர் தானே என்று சும்மா இருந்துவிடாதீர்கள். எங்கள் மெஷினில் ருசிக்காக உப்பைத் திரும்பச் சேர்க்கும் திருகு ஒன்று இருந்தது. அதை மூடிய பிறகு 35 வந்தது. உப்பை வடிகட்டும் மெம்பிரேன் பழசாகப் பழசாக இரண்டாவது வருடம் 110க்குப் போய்விட்டது. இப்போது வெயில் காலத்தில் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடிக்கிறேன். மீட்டரில் 14. ஃபில்டரைக் கழுவிய அன்றைக்கு வருகிற அழுக்குத் தண்ணீரை மட்டும் கொட்டிவிட்டு, ஒரு ராத்திரிக்கு நாலைந்து லிட்டர் சேர்த்துவிடலாம். ஏசி ஓடாத ஐப்பசி கார்த்திகையில் மழை இருக்கவே இருக்கிறது. மொட்டை மாடியில் இரண்டு டிரம். செடிக்கும் சென்னைக்கும் எப்படியோ கணக்கு ஒத்துவருகிறது.

மண்ணைப் பொறுத்தவரை, மண்ணே கூடாது. செம்மண், மண்புழு உரம், கழுநீர், எதுவும் ஆகாது. கோகோபீட் (தேங்காய் நார்த் தூள்) கட்டி மலிவு என்று எடுத்தேன். முதல் தடவை ஊறவைத்துப் பிழிந்த தண்ணீரில் மீட்டர் 900ஐத் தாண்டியது. நல்ல தண்ணீரில் ஏழு தடவை அலசிய பிறகுதான் அடங்கியது. அலசிக் கொட்டிய தண்ணீரை நினைத்தால், பேசாமல் பீட் மாஸும் (சதுப்பு நிலத்தில் மக்கிய பாசி) பெர்லைட்டும் (வெள்ளைப் பொரி மாதிரி லேசான கல்) பாதிப் பாதி கலந்து வைத்துவிடலாம். நெப்பந்தஸுக்கு மட்டும் ஸ்பாக்னம் பாசியோடு பெர்லைட், கொஞ்சம் பைன் மரப்பட்டை. தொட்டி பிளாஸ்டிக்காக இருக்கட்டும். மண்தொட்டி அழகுதான், ஆனால் உப்பைக் கசிய விடும்.

இனி ஒவ்வொன்றாக. வீனஸ்தான் எல்லோருக்கும் வேண்டும், எனக்குத் தோற்றுப்போனதும் அதுதான். இந்தப் பூமியில் அது தானாக முளைக்கும் இடம் அமெரிக்காவின் வடக்கு, தெற்கு கரோலினா கடற்கரைச் சமவெளி மட்டும். டார்வின் 1875இல் பூச்சியுண்ணும் தாவரங்களுக்கென்றே ஒரு புத்தகம் எழுதி, உலகின் வியப்பான செடிகளில் ஒன்று என்று இதைச் சொன்னார். வாய்க்குள் ஒவ்வொரு பக்கமும் பொதுவாக மூன்று சிறு முடிகள். ஒரு தடவை தொட்டால் மூடாது. இருபது நொடிக்குள் இரண்டாவது தடவை பட்டால்தான் மூடும். மூடின பிறகும் உள்ளே பூச்சி துடித்து முடியைத் தட்டிக்கொண்டே இருந்தால்தான் செரிமான நீர் சுரக்கும். மழைத்துளிக்கு ஏமாறாமல் இருக்க இந்த ஏற்பாடு. அக்கா பையனுக்கு மட்டும் ஏமாறும். விடுமுறைக்கு வந்தவன் ஒரே நாளில் எட்டு வாயையும் குச்சியால் மூடவைத்தான். ஒரு வாய்க்கு ஆயுள் சில தடவைதான். அந்த வாரமே நாலு கறுத்துவிட்டது.

ஆனால் அதைக் கொன்றது அவன் இல்லை. அந்தச் செடிக்கு வருடத்தில் மூன்று மாதமாவது குளிர்கால உறக்கம் வேண்டும், பத்து டிகிரிக்குக் கீழே. மடிப்பாக்கத்தில் மார்கழி விடியற்காலையிலும் இருபது. தூங்காமலே ஓடிய முதல் செடி 2022 கத்திரியில் போய்ச்சேர்ந்தது. இரண்டாவதை அந்த டிசம்பரில் ஃப்ரிட்ஜில் வைத்தேன். இலைகளை வெட்டி, கிழங்கை ஈரப் பாசியில் சுற்றி, ஜிப் கவரில் போட்டு, காய்கறி டப்பாவுக்குள். "அழுகின கொத்தமல்லியை யாருடா எடுத்து வச்சது" என்று அம்மா குப்பைக்கூடைக்கே கொண்டுபோய்விட்டாள், நான் போய் மீட்டேன். பிப்ரவரியில் நட்டதும் இரண்டே வாரத்தில் கடுகளவு வாய்களோடு துளிர்த்தது. 2023 கோடை முழுக்க நன்றாகவே இருந்தது. டிசம்பர் முதல் தேதி மறுபடி ஃப்ரிட்ஜுக்குப் போனது. நாலாம் தேதி மிக்ஜாம் புயல். எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர், நாலு நாள் கரண்ட் இல்லை. ஃப்ரிட்ஜைத் திறந்தபோது மாவு புளித்த வாடையோடு அதுவும் போயிருந்தது. மூன்றாவது வாங்கவில்லை. குளிர்கால இரவு பத்துக்குக் கீழே இறங்கும் ஊட்டி, கொடைக்கானல்காரர்கள் தாராளமாக முயலலாம்.

நெப்பந்தஸ் வென்ட்ராட்டா அதற்கு நேர்மாறு. கூரியரில் வந்தபோது இருந்த குடுவையெல்லாம் ஒரு மாதத்தில் காய்ந்துவிட்டன. பயந்து குடுவைக்குள் தண்ணீர் ஊற்றி, இடத்தை மாற்றி மாற்றி வைத்தேன். அது இடம் மாறிய கோபம்தான். அசையாமல் ஓர் இடத்தில் விட்டதும், இலை நுனியிலிருந்து நீளும் காம்பின் முனை தீக்குச்சித் தலை மாதிரி தடித்தது. பழுப்பு ரோமம், தட்டையான சிறு பை. தினமும் காபியோடு போய்ப் பார்ப்பேன், ஒன்றும் தெரியாது. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் காற்றடித்த பலூனாக நிற்கும். மூடி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும்போதே வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் உள்ளே பாதிவரை நீர் தெரியும். வெளியிலிருந்து ஒரு சொட்டு போகவில்லை, செடியே சுரந்தது. ஒரு காலையில் மூடி திறந்திருக்கும், விளிம்பு செவ்வரி ஓடி வழவழவென்று. அதில் ஊறும் தேனுக்கு எறும்பு வரும். வெயிலில் நன்றாகத்தான் நடக்கும். பனியோ மழையோ பட்டு விளிம்பு நனைந்த நேரத்தில் காலை வைத்தால் நேரே உள்ளே. காய்ந்த குடுவை ஒன்றைக் கத்தரித்துப் பிளந்து பார்த்தேன். எறும்புத் தலைகள் மிளகுத்தூள் மாதிரி, ஒரு கரப்பான் கால், இரண்டு ஈ இறக்கை. கொசு ஒன்றுகூட இல்லை. இனிப்புக்கு வருவதைத்தானே அது பிடிக்கும், ரத்தத்துக்கு வருவது ஏன் அங்கே போகிறது?

கத்திரி வெயிலில் மட்டும் புதுக் குடுவை விடாது. கடற்காற்று வந்து சேரும் வரை முற்பகல் முழுக்க வறண்டு அடிக்கிறதே, அதில் மொட்டுக் குடுவைகள் நுனியிலேயே கருகும். பாதி நிழல் வலை கட்டி, காலையில் இலைக்குத் தெளித்தால் சமாளிக்கும். ஆனால் அதற்காக வீட்டுக்குள் டிவி பக்கத்தில் கொண்டுபோய் வைத்தால் குடுவையே வராது, வெறும் இலைதான். வெளிச்சம் வேண்டும்.

எனக்கு மனசுக்குப் பிடித்தது ட்ரோசெரா பர்மானி. இது வெளிநாட்டுச் சரக்கே இல்லை. தமிழ்நாட்டிலும் மழைக்குப் பிறகு ஈர மணற்பாங்கான இடங்களில் தானாக வரும். மூலிகைக்காரர்கள் அழுகண்ணி என்பார்கள், இலை முழுக்கக் கண்ணீர் கோத்து நிற்பதால். எட்டணா அகலம்தான். ஓரத்தில் இருக்கும் நீளமான முடிகள் பூச்சி பட்ட சில நொடியில் வளைந்து அமுக்குவதைக் கண்ணால் பார்க்கலாம். ஒரு வருடச் செடி, விதை விட்டதும் செத்துவிடும். ஆனால் தூள் மாதிரி விதை எங்கும் சிதறி, இப்போது எல்லாத் தொட்டியிலும் அதுதான். ஈரப் பீட்டில் வரும் பொடி ஈக்களை ஒழித்துத் தந்தது இது. என் வீட்டில் பூச்சிக் கட்டுப்பாடு என்று உருப்படியாக நடந்தது அவ்வளவுதான்.

சரி, தட்டுக் கதை. ட்ரோசெரா, வீனஸ் தொட்டிகள் எப்போதும் விரற்கடை தண்ணீரில் நிற்க வேண்டும் என்பதால் அடியில் தட்டு வைத்திருந்தேன். கொசுப்புழு பார்க்க வீடு வீடாக வரும் பணியாளர் அக்கா ஒருநாள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். தட்டில் புழு நெளிகிறது. மேலே பூச்சி பிடிக்கும் செடி, கீழே கொசுப் பண்ணை. "இது பூச்சி சாப்பிடுற செடிங்க" என்று நான் விளக்கியது அவரிடம் எடுபடவில்லை. இப்போது நாலு நாளுக்கு ஒருமுறை தட்டைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றுகிறேன். இதுதான் இந்தச் செடி வளர்ப்பில் விடாத வேலை.

இன்னொரு கேலிக்கூத்து மாவுப்பூச்சி. பூச்சி தின்னும் செடியைப் பூச்சி தின்றது. நெப்பந்தஸ் கணுவில் வெள்ளை வெள்ளையாக. வேப்பெண்ணெய்க் கரைசல் அடித்ததில் இலைகள் பிசுபிசுத்துப் போனதுதான் மிச்சம். ஸ்பிரிட்டில் தோய்த்த பஞ்சுக் குச்சியால் ஒவ்வொன்றாகத் துடைத்து, இரண்டு மாதத்தில் அடங்கியது.

போன வருடம் ஒருவர் நெப்பந்தஸ் காசியானா தருகிறேன், காட்டிலிருந்து எடுத்தது, வேரோடு என்று செய்தி அனுப்பினார். இந்தியாவில் இயற்கையாக வளரும் ஒரே நெப்பந்தஸ், மேகாலயாவுக்கே உரியது. காரோ மக்கள் மேமங் கோக்சி என்கிறார்கள், பேயின் கூடை என்று பொருள். ஆசை இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கும் செடி. வேண்டாம் என்று பதில் போட்டேன். கலப்பினமான வென்ட்ராட்டாவே போதும்.

அது இப்போது ஏழடிக் கொடியாகிக் கிரில் கம்பியைப் பிடித்துவிட்டது. கீழ்க் குடுவைகள் குண்டாக, முன்பக்கம் இரண்டு சிறகோடு. மேலே வருபவை ஒல்லியாக, சிறகில்லாமல். ஒரே கொடிதான் என்று சொன்னால் நம்பமாட்டார்கள். ஆடியில் வெட்டி ஐந்து துண்டு நட்டேன், இரண்டு வேர் பிடித்தது. ஒன்றைத் தாம்பரத்து அக்காவுக்குக் கொடுத்தேன், கூடவே என் பழைய டிடிஎஸ் மீட்டரையும்.