பேலன்ஸ்டு வால்வு ப்ரீஆம்ப்: எந்த அவுட்புட்டை நம்பலாம்?

பேலன்ஸ்டு வால்வு ப்ரீஆம்ப் (பவர் ஆம்புக்கு முன்னால் நின்று, ஒரே சிக்னலை எதிரெதிராக இரண்டு கம்பிகளில் அனுப்பும் வால்வு பெட்டி) தேடுகிறவர்கள் பெரும்பாலும் எந்த வால்வு என்றுதான் கேட்கிறார்கள். அவுட்புட் எந்த வழியாக வெளியே வருகிறது என்று கேட்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கெத்தோடு ஃபாலோயர் (வால்வின் கெத்தோடிலிருந்து சிக்னலை எடுக்கும் சர்க்யூட்), அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர், நேரடி இணைப்பு என்று முக்கியமாக மூன்று வழிகள் உண்டு.

அதிகம் காணக் கிடைப்பது கெத்தோடு ஃபாலோயர். அதில் இசிசி82 வால்வு போட்டால் அவுட்புட் இம்பிடன்ஸ் (சிக்னலுக்கு அவுட்புட் காட்டும் தடை, குறைவாக இருந்தால் நல்லது) ஏறக்குறைய 450 ஓம், இசிசி88-ஐ நல்ல கரண்ட்டில் ஓட்டினால் 100 ஓம் பக்கம் வந்துவிடும். எரிக் வைட் வடிவமைத்த இரண்டு வால்வு ஃபாலோயரில் இன்னும் குறையும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த எண் வழக்கமாக 1 கிலோ ஹெர்ட்ஸில் அளந்தது. வெளியே போகும் வழியில் டிசியைத் தடுக்க ஒரு கப்ளிங் கெப்பாசிட்டர் நிற்கிறது. அது 1 மைக்ரோ ஃபாரட் என்றால் 20 ஹெர்ட்ஸில் அதன் தடை மட்டுமே 8 கிலோ ஓம். பேலன்ஸ்டில் இன்னொரு சிக்கலும் சேருகிறது: பவர் ஆம்பின் இன்புட் 10 கிலோ ஓம் என்றால் இரண்டு கம்பிகளில் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது 5 கிலோ ஓம்தான். கணக்குப் போட்டால் 32 ஹெர்ட்ஸிலேயே 3 டெசிபல் போய்விடுகிறது. மிருதங்கத்தின் தொப்பிக்கு இது போதும். பைப் ஆர்கனின் அடிநாதத்துக்குப் போதாது. 4.7 மைக்ரோ ஃபாரட் போட்டால் 7 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். அந்த வோல்டேஜுக்கு நல்ல ஃபிலிம் கெப்பாசிட்டர் பெரிதாகவும் விலையாகவும் இருக்கும் என்பதால் பலர் அதைப் போடுவதில்லை.

ஆடியோ ரிசர்ச் நிறுவனம் இந்த விஷயத்தில் நேர்மையாக இருக்கிறது. ரெஃபரன்ஸ் 5 ப்ரீஆம்புக்கு பேலன்ஸ்டு அவுட்புட் 600 ஓம் என்று சொல்லும்போதே, லோடு (எதிரில் இணைக்கும் ஆம்பின் இன்புட் தடை) 20 கிலோ ஓமுக்குக் கீழே போகக் கூடாது என்றும் போட்டிருக்கிறார்கள். 10 கிலோ ஓம் இன்புட் உள்ள ஸ்டுடியோ ஆம்புடன் அதை இணைக்க நான் சொல்ல மாட்டேன்.

டிரான்ஸ்ஃபார்மர் என் தேர்வு. இசிசி88-இன் இரு பாதிகளை புஷ்-புல்லாக (ஒன்று ஏறும்போது மற்றது இறங்குமாறு) வைத்து 4:1 டிரான்ஸ்ஃபார்மரில் கொடுத்தால் வோல்டேஜ் கால்வாசியாகும், இம்பிடன்ஸ் பதினாறில் ஒரு பங்காகும். ஏறக்குறைய 5.2 கிலோ ஓம் 325 ஓமாகிவிடும், அதோடு சுருளின் சொந்தத் தடை கொஞ்சம் சேரும். 1 கிலோ ஹெர்ட்ஸ் எண்ணில் ஃபாலோயர் முந்தலாம். ஆனால் புஷ்-புல்லில் வெளியே கெப்பாசிட்டர் தேவையில்லை, அதனால் பாஸில் இம்பிடன்ஸ் ஏறுவதில்லை. கிரவுண்ட் லூப் ஹம்மும் (இரு பெட்டிகளின் எர்த் வழியே சுற்றும் கரண்ட்டால் எழும் இரைச்சல்) பெரும்பாலும் அங்கேயே அறுந்துவிடும். இரண்டு பெட்டிகளையும் வேறு வேறு பிளக்கில் போட்டு ஹம்மோடு போராடியவர்களுக்கு இதன் அருமை தெரியும். குறை என்றால் விலைதான். மலிவு டிரான்ஸ்ஃபார்மரில் ஆழமான பாஸ் சிதையும். பவர் சப்ளைக்குப் பக்கத்தில் வைத்தால் ஹம்மையும் வாங்கிக்கொள்ளும்.

நேரடி இணைப்புக்கு நல்ல உதாரணம் அமெரிக்காவின் அட்மா-ஸ்ஃபியர் எம்பி-1. கெப்பாசிட்டரும் இல்லை, டிரான்ஸ்ஃபார்மரும் இல்லை. ஆனால் வால்வுகள் வயதாகும்போது அவுட்புட்டில் டிசி நகராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பக்கத்தில் சர்வீஸ் தெரிந்தவர் இல்லாத ஊரில் இதை வாங்கத் தயங்குவேன்.

உங்கள் பவர் ஆம்பின் இன்புட் 50 கிலோ ஓமுக்கு மேல் என்றால், பெரிய கெப்பாசிட்டர் போட்ட கெத்தோடு ஃபாலோயரே தாராளம், டிரான்ஸ்ஃபார்மருக்குச் செலவழிக்க வேண்டாம். 10 கிலோ ஓம் என்றாலோ, கேபிள் நீளம் என்றாலோ டிரான்ஸ்ஃபார்மர்தான். எதுவானாலும் 20 ஹெர்ட்ஸில் அவுட்புட் இம்பிடன்ஸ் எவ்வளவு என்று விற்பவரிடம் கேளுங்கள். அந்த எண்ணைத் தராவிட்டால் கப்ளிங் கெப்பாசிட்டரின் மதிப்பையாவது வாங்கி நீங்களே கணக்குப் போட்டுவிடலாம்.