ஹனோய் – சைகோன் ரயில்: வேலையை விட்டுவிட்டுக் கிளம்புகிறவர்களுக்கு

நிரந்தர வேலையை விட்டுவிட்டு நாடு நாடாகச் சுற்றலாம் என்று முடிவெடுத்தவர்கள் எங்கே தொடங்குவது என்று கேட்டால், நான் வியட்நாமின் வடக்கு–தெற்கு ரயிலைச் சொல்கிறேன். ஹனோயில் ஏறி ஹோ சி மின் நகரத்தில் (பழைய பெயர் சைகோன்) இருக்கும் சைகோன் நிலையத்தில் இறங்குகிற 1,726 கிலோமீட்டர் பாதை. இறங்காமல் போனால் 30 மணி நேரத்துக்கு மேல் ஆகும். விமானத்தில் அதே தூரம் இரண்டு மணி நேரம்தான். டிக்கெட் விலையும் பல நாட்களில் ரயிலின் படுக்கைக் கட்டணத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும். ஆகவே காசு மிச்சம் பிடிக்க நினைத்து இந்த வண்டியில் ஏறாதீர்கள்.

நான் கோயம்புத்தூரில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருந்தவள். அந்தக் காலத்துப் பயணமெல்லாம் லீவுக் கணக்குதான்: முன்னால் ஒரு சனி ஞாயிறு, பின்னால் ஒரு சனி ஞாயிறு, நடுவில் மேலாளர் மனசு வைத்த ஐந்து நாள். வேலையை விட்டாலும் இந்தக் கணக்கு சீக்கிரத்தில் போகாது. கையில் மாதக்கணக்கில் நேரம் இருக்கும், கால் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த ஓட்டத்தை நிறுத்த இந்த ரயிலைப் போல ஒன்றை நான் பார்க்கவில்லை.

பெரும்பாலும் ஒற்றைப் பாதை, அதுவும் மீட்டர் கேஜ். எழும்பூரிலிருந்து தெற்கே மீட்டர் கேஜ் வண்டியில் போன வயதுக்காரர்களுக்கு அந்த ஆட்டம் ஏறிய உடனேயே பிடிபட்டுவிடும். சராசரி வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர் அளவுதான். எதிர் வண்டிக்காக ஏதாவது ஒரு சின்ன நிலையத்தில் காத்திருக்கும். ஜன்னலுக்கு வெளியே நடவு வயல், வயலுக்கு நடுவிலேயே குடும்பக் கல்லறைகள், எருமைகள். பிரெஞ்சுக்காரர்கள் 1936இல் கட்டி முடித்த பாதை இது. 1954இல் நாடு இரண்டானபோது பாதையும் துண்டானது. போரில் பாலங்களும் நிலையங்களும் குண்டுவீச்சுக்கு இலக்காயின. போர் முடிந்து இரண்டு வருடத்துக்குள் எல்லாவற்றையும் ஒட்டுப்போட்டு, 1976 டிசம்பர் 31 அன்று ஹனோய்க்கும் சைகோனுக்கும் நடுவே மறுபடி வண்டியை ஓட்டிவிட்டார்கள். ஒவ்வொரு பாலத்தையும் தாண்டும்போது எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது.

இப்போது வண்டிக்குள் வருவோம். உட்கார்ந்து போகும் இருக்கைகள், ஆறு பேர் படுக்கும் அறை, நான்கு பேர் படுக்கும் அறை என்று வகைகள். ஆறு பேர் அறையில் மேல் தட்டுதான் மலிவு, ஆனால் அங்கே நிமிர்ந்து உட்கார முடியாது. பணம் இடித்தாலும் கீழ்த் தட்டு வாங்குங்கள். பகலில் அது எல்லோருக்கும் பெஞ்சாகிவிடும், நம் ஊர் ஸ்லீப்பர் மாதிரியே. எனக்கு அதில் வருத்தமே இல்லை, அப்படித்தான் பேச்சு கிடைக்கிறது. டோங் ஹோயில் ஏறிய ஒரு அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து, பம்பளிமாஸ் உரித்து, மிளகாய் கலந்த உப்பைத் தொட்டுச் சாப்பிடச் சொன்னார். அப்புறம் போனில் மொழிபெயர்ப்புச் செயலியை வைத்துக்கொண்டு வயது, கல்யாணம், வேலை என்று வரிசையாகக் கேட்டார். அங்கே வயது கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. அக்காவா தங்கையா என்று தெரிந்தால்தான் எப்படிக் கூப்பிடுவது என்று முடிவு செய்ய முடியும். வேலை இல்லை, விட்டுவிட்டேன் என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. அடுத்த சுளையைக் கையில் வைத்தார். கோயம்புத்தூரில் இந்தப் பதிலைச் சொல்லி இவ்வளவு நிம்மதியாக நான் எங்கும் உட்கார்ந்ததில்லை.

சாப்பாட்டு வண்டி வந்துகொண்டே இருக்கும். சோறு, கறி, சூப். பெட்டியின் கோடியில் வெந்நீர் கிடைப்பதால் கப் நூடுல்ஸ் வைத்திருந்தால் போதும். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் ரொட்டியும் பழமும் வாங்கிக்கொண்டு ஏறுவது நல்லது.

ஹுவேக்கும் டா நாங்குக்கும் நடுவில் 100 கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனால் இரண்டரை, மூன்று மணி நேரம் எடுக்கும். இந்த வண்டிக்கு நான் கொடுக்கும் மதிப்பில் பாதி இந்தத் துண்டுக்கே. லாங் கோ காயலைத் தாண்டியதும் பாதை ஹாய் வான் மலையைக் கட்டிக்கொண்டு ஏறத் தொடங்கும். கீழே பாறை, அதற்குக் கீழே கடல். சின்னச் சின்னக் குகைப் பாதைகள், ஒவ்வொன்றிலிருந்தும் வெளியே வரும்போது முந்தையதைவிட ஆழமாகக் கடல். வளைவில் திரும்பும்போது நம் வண்டியின் எஞ்சினையே நாம் பார்க்கலாம். 2005இல் ஆறு கிலோமீட்டர் நீளச் சாலைச் சுரங்கம் திறந்த பிறகு பேருந்துகள் மலைக்குள்ளேயே போய்விடுகின்றன, அவற்றில் போகிறவர்களுக்கு இந்தக் கடல் கிடையாது. தெற்கு நோக்கிப் போனால் இடது பக்க ஜன்னல். பகலில் போங்கள். இரவு வண்டியில் படுத்துக்கொண்டு ஹாய் வானைத் தாண்டிவிட்டு ரயில் சுமார்தான் என்று சொல்கிறவர்களிடம் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது.

ஒரே டிக்கெட்டில் நடுவில் இறங்கி ஏற முடியாது, துண்டு துண்டாக வாங்க வேண்டும். வாங்குங்கள். நேரம் இருப்பவர்களுக்கு அதுதான் வசதி. நின் பின்னில் சுண்ணாம்புக்கல் மலைகளுக்கு நடுவே படகு. டோங் ஹோயிலிருந்து ஃபோங் ஞா குகைகள். ஹுவேயில் ங்குயென் மன்னர்களின் கோட்டை. ஹோய் ஆனுக்கு ரயில் கிடையாது, டா நாங்கில் இறங்கி 30 கிலோமீட்டர் போக வேண்டும். அவசரக்காரர்கள் எல்லோரும் விட்டுவிடும் ஊர் குயி ஞோன். தியூ ட்ரி நிலையத்தில் இறங்கினால் பக்கம்தான். ஊருக்கு நடுவிலேயே ஒரு காலத்தில் நடு வியட்நாமை ஆண்ட சாம்பா அரசின் காலத்துச் செங்கல் கோபுரங்கள் இரண்டு நிற்கின்றன, கூட்டமே இல்லை. சைகோனில் ட்ருவோங் தின் தெருவில் மாரியம்மன் கோயில் இருக்கிறது. அங்கே கொடுக்கல் வாங்கல் செய்த நகரத்தார் காலத்துத் தமிழர்கள் எழுப்பியது. இன்று வியட்நாமியர்கள்தான் ஊதுபத்தியோடு வரிசையில் நிற்கிறார்கள்.

செப்டம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை நடுப்பகுதியில் மழை, வெள்ளம். பாதை அடைபடுவது உண்டு. மற்ற மாதங்களிலும் நடக்கலாம்: 2024 ஏப்ரலில் ஞா ட்ராங்குக்கு வடக்கே ஒரு குகைப் பாதையில் மண் சரிந்து, பயணிகளைப் பேருந்தில் ஏற்றி அடுத்த நிலையத்தில் விட்டார்கள். திங்கட்கிழமை ஆபீஸ் போக வேண்டியவருக்கு இது ஆபத்து. உங்களுக்கு இன்னும் ஒரு ராத்திரி அறை வாடகை, அவ்வளவுதான். டெட் எனும் புத்தாண்டை ஒட்டிய வாரங்களில் மட்டும் டிக்கெட் கிடைப்பது கஷ்டம், தவிர்த்துவிடுங்கள்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், சம்பளம் நின்றவர்களுக்கு அது முக்கியம். நான் கிராஜுவிட்டியிலும் சேமிப்பிலும் வந்தேன், பி.எஃப். பணத்தைத் தொடவில்லை. கம்பெனி கொடுத்த மருத்துவக் காப்பீடு வேலையோடு போய்விடும் என்பதால், கடைசி வேலை நாளுக்கு முன்பே சொந்தமாக ஒன்று எடுத்தேன். பயணக் காப்பீடு தனி. இந்த இரண்டும் இல்லாமல் கிளம்பாதீர்கள் என்று யாரிடமும் கெஞ்சிக் கேட்பேன். வியட்நாம் மின் விசா 2023 ஆகஸ்ட் 15 முதல் 90 நாட்கள் வரை கிடைக்கிறது. ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறை நுழைய 50 டாலர். லாவோஸ், கம்போடியா போய்த் திரும்புவதாக இருந்தால் இரண்டாவதை எடுங்கள். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே டிக்கெட்டிலும் பெயர் இருக்க வேண்டும், நம் இனிஷியல் விஷயத்தில் கவனம்.

முதுகு வலிக்காரர்களுக்கும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கும் முழுப் பாதையை நான் சொல்ல மாட்டேன். ராஜினாமா இன்னும் மனசுக்குள் மட்டும் இருக்கிறது, கையில் ஒரு வார லீவுதான் என்பவர்கள் ஹுவே – டா நாங் துண்டை மட்டும் பகலில் போய்ப் பாருங்கள். 2024 மார்ச்சிலிருந்து அந்த இரண்டு ஊர்களுக்கு நடுவே சுற்றுலாவுக்கென்றே தனி வண்டியும் ஓடுகிறது.