யூபரால்: ஏரிச்சேற்றுக் கொசுத் தலைகளைப் பதிக்க ஏற்ற பிசின்

குளிர்ந்த மலை ஏரிகளின் அடிச்சேற்றுப் படிவில் வேலை செய்பவர்கள் நுண்ணோக்கி ஸ்லைடு பதிக்க யூபராலையே வாங்குங்கள். காய நாளாகும், நீர் பட்டால் கெடும், விலையும் கூடுதல். ஆனாலும் வாங்கலாம் என்று சொல்லக் காரணம் இருக்கிறது.

கைரோனோமிட் கொசுக்கள் கடிக்காதவை. அவற்றின் புழுக்கள் தோலுரிக்கும்போது விட்டுப்போகும், கைட்டின் எனும் கடின ஓட்டுப் பொருளாலான தலை உறைகள் ஏரிச்சேற்றில் பல ஆயிரம் ஆண்டுகள் கெடாமல் கிடக்கும். எந்த வகை எத்தனை பங்கு என்று எண்ணி, அந்தக் காலத்து ஜூலை வெப்பநிலையைக் கணக்கிடுகிறார்கள். சுவிஸ் ஆல்ப்ஸில் 1515 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஹின்டர்புர்க்சே ஏரியின் கடந்தகால வெப்பநிலை இப்படிக் கணக்கிடப்பட்டதுதான். நார்வே, சுவிட்சர்லாந்து இரண்டிலும் 274 ஏரிகளை ஒப்பிட்டு உருவாக்கிய கணக்கு முறைக்கே பிழை ஒன்றரை டிகிரி செல்சியஸை ஒட்டி வருகிறது. வகையைத் தவறாகச் சொன்னால் அதற்கு மேலும் பிழை சேரும்.

தவறு அதிகம் நேர்வது இந்தக் கொசுக்களில் டேனிடார்சினி எனும் குழுவில். குளிரை விரும்பும் மைக்ரோப்செக்ட்ரா ரேடியாலிஸ் வகையும் மிதமான நீரில் வாழும் உறவினங்களும் இதே குழுதான். உணர்கொம்பு நிற்கும் பீடத்தில் முள் உண்டா, அது எவ்வளவு நீளம், தலையின் பின்விளிம்புத் தகடு எப்படி இருக்கிறது என்று பார்த்தே பிரிக்க வேண்டும். இவையெல்லாம் வெளிறியவை, மெலிந்தவை. கைட்டினின் ஒளிவிலகல் எண் சுமார் 1.55. இன்னொரு பதிப்புப் பிசினான கனடா பால்சத்துக்கு 1.53ஐ ஒட்டி வருவதால் வெளிறிய பாகங்கள் அதில் கரைந்தது போல மறைந்துவிடும். யூபராலுக்கு 1.48. இந்த இடைவெளியால்தான் 400 மடங்கில் முள்ளின் விளிம்பு தெளிவாகத் தெரிகிறது. கட்ட வேறுபாட்டு நுண்ணோக்கி இருந்தால் இன்னும் நன்று.

பதிக்கும் முன் வழக்கமான வேலைகள்தான். படிவை 10% பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் 75 டிகிரியில் 5 நிமிடம் வைத்து, 212, 90 மைக்ரான் சல்லடைகளில் அலச வேண்டும். பிறகு போகோரோவ் தட்டு எனும் பள்ளவரிகள் கொண்ட எண்ணும் தட்டில் ஊற்றி, 25 மடங்கில் பார்த்தபடி கூர் இடுக்கியால் தலைகளைப் பொறுக்கலாம். படிவின் ஓர் அடுக்குக்குக் குறைந்தது 50 தலையாவது வேண்டும். மென்டம் எனும் பல்தகடு பாதிக்கு மேல் இருந்தால் ஒன்று, சரிபாதி என்றால் அரை, அதற்கும் குறைந்தால் எண்ணுவதில்லை.

அடுத்து நீரை எடுப்பது. இங்கே அவசரப்பட்டால் எல்லாம் வீண். முதலில் 80% எத்தனால், பிறகு முழு எத்தனால். தலைக்குள் துளி நீர் தங்கினாலும் யூபராலில் பால் போல வெண்மை பரவி, பல்தகடே தெரியாது. அப்படி ஆனால் ஸ்லைடை முழு எத்தனாலில் ஊறவைத்துக் கவர் ஸ்லிப்பைக் கழற்றி, தலையை மீட்டு மறுபடி பதிக்கலாம். எத்தனாலில் கரையும் பிசின் என்பதால் சைலீன் தேவைப்படாதது பெரிய நிம்மதி.

தலையின் அடிப்பக்கம் மேல்நோக்கி இருக்க வேண்டும். ஒரே பெரிய சொட்டில் வைத்தால் கவர் ஸ்லிப் இறங்கும்போது தலை ஓரத்துக்கு மிதந்து போகும், சில நேரம் புரண்டும் விடும். முதலில் மெல்லிய பூச்சு ஒன்று தடவி, அது சற்று ஒட்டும் பதம் வந்ததும் தலையை அமர்த்தி, மேலே சிறு சொட்டு விட்டு, 6 மில்லிமீட்டர் வட்டக் கவர் ஸ்லிப்பைச் சாய்வாக இறக்குங்கள். காற்றுக்குமிழி குறையும். ஊசி முனையால் லேசாக அழுத்தினால் பல்தகடு தட்டையாகும். பலமாக அழுத்தினால் பல்லே ஒடியும். புட்டியில் பிசின் கெட்டிப்பட்டால் யூபரால் எசன்ஸ் சேர்த்து இளக்கலாம்.

அறை வெப்பத்தில் ஓரம் இறுகவே வாரக்கணக்காகும். 40 டிகிரித் தட்டில் வைத்தால் விரைவு. அதுவரை ஸ்லைடைக் கிடைமட்டமாக வைக்க வேண்டும், செங்குத்தாக அடுக்கினால் தலைகள் நகர்ந்துவிடும்.

மணம் நீலகிரித் தைலத்தை நினைவூட்டும். அதன் முக்கியப் பொருளான யூகலிப்டால் இதிலும் இருக்கிறது. வட ஆப்பிரிக்க மரத்தின் சந்தராக் பிசின், பாரால்டிஹைடு ஆகியவையும் உண்டு. எளிதில் தீப்பற்றும். காற்றோட்டமுள்ள இடத்திலோ புகைக்கூண்டிலோ மட்டும் திறக்கவும்.

எல்லாருக்கும் இது தேவையில்லை. தாழ்நில ஏரிகளில் வரும் கைரோனோமஸ் போன்ற கரிய, தடித்த தலைகள்தான் உங்களிடம் பெரும்பாலும் என்றால் ஹைட்ரோமேட்ரிக்ஸ் போன்ற நீர் சார்ந்த பிசினே போதும், எத்தனால் படிகளும் மிச்சம். ஆனால் அவற்றில் நீர் ஆவியாக ஆகப் பிசின் சுருங்கிக் காற்று புகக்கூடும். பல ஆண்டுக்குப் பின் வேறொருவர் மறுபடி சரிபார்க்க வேண்டிய ஸ்லைடு என்றால் அதை நம்ப மாட்டேன்.

வாங்கும்போது நிறமற்றதையே கேளுங்கள். பச்சை வகையில் செப்பு உப்பு சேர்ந்திருக்கும். அது ஹெமடாக்சிலின் சாயம் ஏற்றிய திசுக்களுக்கானது, சாயமேற்றாத கொசுத் தலைக்கு எந்தப் பயனும் தராது.