வளரியா, சித்தர் மருந்தா, கந்தகக் கணக்கா?

நானும் அயித்தானும் சேர்ந்து ஒரு மாயநாட்டுக் கதை எழுதிக்கொண்டிருக்கிறோம். நாட்டுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. செம்மண் பொட்டல், ஊருணி, தெருவுக்குத் தெரு நீளும் வளவு வீடு, ஒன்பது கோவில் என்று வருவதால் காரைக்குடிக்காரர் யாரும் இரண்டாம் பக்கத்திலேயே ஊரைக் கண்டுபிடித்துவிடுவார். மந்திரம் உண்டு, ஐயனார் கோவில் மண்குதிரை இரவில் பேசும். இதிலெல்லாம் எங்களுக்குள் சண்டை வரவில்லை. வெடிமருந்தில்தான் வந்தது. நாட்டில் அது இருக்கலாமா, இருந்தால் எப்படி வந்தது? கையில் மூன்று வழி இருக்கிறது.

முதல் வழி, மருந்தே கிடையாது. வாள், வேல், வீசி எறியும் வளைதடியான வளரி, அவ்வளவுதான். சிவகங்கைச் சீமையில் கதை நடக்கும்போது வளரியை விட மனசு வருமா? வெல்ஷ் என்ற வெள்ளைக்கார அதிகாரி, சின்ன மருதுவிடம் வளரி வீசக் கற்றதைத் தானே எழுதிவைத்திருக்கிறார். ஆனால் மருது படையிலும் துப்பாக்கி இருந்தது. 1801இல் கம்பெனிப் படை சிறுவயலிலிருந்து காளையார்கோவிலுக்குக் காட்டை வெட்டிப் பாதை போடப் பார்த்து வாரக்கணக்கில் திணறியதே, அங்கே பீரங்கியை நிறுத்திவைத்தது வளரி மட்டுமல்ல, முள்ளுக்காடும்தான். ஆக, மருந்து இல்லை என்று சொன்னால் போதாது. ஏன் இல்லை என்று கதை சொல்லியாக வேண்டும். அதற்கு ஒரு காரணம் பக்கத்திலேயே கிடக்கிறது. வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டியில், கூடு கட்ட வரும் பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்குக்கூட ஜனங்கள் வேட்டுப் போடுவதில்லை. மருந்து தெரிந்தும் தொடாத ஊர்! ஒரு நாடே அப்படி இருந்தால் நன்றாகத்தான் இருக்கும், எதிரியும் அதே பறவையைக் கும்பிடுகிறவனாக இருந்தால்.

இரண்டாவது, சித்தர் ரகசியம். இது அயித்தான் கட்சி. மலைக்குகையில் ஒரு சித்தர், அவர் கையில் ஓலைச்சுவடி, அதில் மருந்து. போகர் சீனம் போய் வந்தார் என்ற கதை நம்மிடம் இருக்கிறதே என்பார். ஒரு வகையில் உண்மையான வரலாறும் அவர் பக்கம்தான். சாகாமருந்து தேடிய சீன ரசவாதிகள் வெடியுப்பையும் கந்தகத்தையும் தேனோடு சேர்த்துச் சூடாக்கி, கையும் முகமும் வெந்து, வீடும் எரிந்துபோனதாக 9ஆம் நூற்றாண்டுச் சீன நூல் ஒன்று எச்சரிக்கிறது. சீனத்தில் அதற்கு ‘நெருப்பு மருந்து’ என்று பெயர். நாமும் மருந்து என்றுதான் சொல்கிறோம். சித்த வைத்தியத்தில் வெடியுப்புச் சுண்ணம் இன்றும் நிஜமான மருந்துதான்.

இவ்வளவு பொருத்தம் இருந்தும் எனக்கு இது ஒட்டவில்லை. மருந்து ரகசியமாக எங்கே நின்றது? 1044இலேயே சீனத்துப் படை நூலில் அளவோடு எழுதிவிட்டார்கள். வெடியுப்பு குறைவான கலவை. எரியும், புகையும், பெரிதாக வெடிக்காது. அப்புறம் கைமாறிக் கைமாறி 1526இல் பானிபட்டில் பாபரின் பீரங்கிக்குள் வந்துவிட்டது. கதையிலும் சித்தரைப் பிடித்தவன் ஜெயிப்பான், அவர் செத்தால் எல்லாம் முடிந்தது. ஓர் அத்தியாயத்துக்குத் தாங்கும்.

என் ஓட்டு மூன்றாவதுக்கு. மருந்து ஒரு சரக்கு. செய்முறை ஊருக்கே தெரியும், பொருள்தான் கிடைக்காது.

நூறு பலம் மருந்துக்கு வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10. கரிக்குக் கவலையில்லை, எருக்கும் துவரைமாரும் போதும். வெடியுப்புக்கு எங்கள் வீட்டு நாலாங்கட்டுக்குப் பின்னால் வாருங்கள். மாட்டுத் தொழுவத்துச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும், விரலால் தொட்டால் பஞ்சு போல் உதிரும். கதைக்காகச் சுரண்டிக்கொண்டிருந்தபோது அப்பத்தா பார்த்துவிட்டார். “சுவத்தச் சுரண்டாதடா, இருக்கிற காரையும் உதிந்துரும்!” அந்தப் பூப்பு அப்படியே வெடியுப்பு ஆகாது. தொழுவத்து மண்ணைத் தண்ணீரில் ஊறவைத்து வடித்து, விறகுச் சாம்பல் நீர் சேர்த்துக் காய்ச்சி ஆறவிட்டால்தான் ஊசி ஊசியாகப் படியும். அப்படியானால் என் நாட்டில் மாடு வைத்திருப்பவன் எல்லாம் ராணுவத்துக்கு வேண்டியவன். ராஜாவின் ஆள் வந்து தொழுவத்தைத் தோண்டுவான், வீட்டுக்காரி விளக்குமாற்றை எடுப்பாள்.

மிச்சம் அந்தப் பத்துப் பலம். கந்தகம் இங்கே விளையாது. எரிமலைத் தீவிலிருந்து கப்பலேறித் தொண்டி மாதிரி ஒரு துறையில் இறங்க வேண்டும். இறக்குகிறவர் நம் செட்டியார். அக்கரையில் கடை, கடையில் மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன், மூன்று வருடக் கணக்கு. எந்தப் பாளையத்துக்கு எத்தனை மூட்டை என்பது பேரேட்டில் இருக்கும். மூட்டையை நிறுத்தினால் போர் உடனே நிற்காது, அதுதான் அழகு. கந்தகம் இல்லாமலும் மருந்து எரியும். ஆனால் சுலபத்தில் பற்றாது. திரியை வைத்துவிட்டுச் சிப்பாய் காத்திருப்பான், எதிரே குதிரை வந்துகொண்டிருக்கும்.

வண்டிப்பாதையும் ஒரு வில்லன். வெறும் பொடியாக அரைத்த மருந்து குலுங்கக் குலுங்கக் கனமானது அடியிலும் கரி மேலேயும் பிரிந்துவிடும். ஈரப்படுத்திக் குருணையாக்கினால் பிரியாது, வேகமும் கூடும். (ஹோட்டலில் இட்லிப் பொடியைக் ‘கன் பவுடர்’ என்று அச்சடிக்கிறார்களே, அந்தப் பொடியும் டப்பாவில் இப்படித்தான் பிரிகிறது.) கிடங்கு இன்னொரு வில்லன். 1780இல் காஞ்சிபுரம் பக்கத்துப் பொள்ளிலூரில், ஹைதர் அலி படையோடு நடந்த போரில் ஆங்கிலேயரின் மருந்து வண்டிகள் வெடித்ததும் சண்டையே திரும்பிவிட்டது. உடம்பில் தீ வைத்துக்கொண்டு ஆயுதக் கிடங்கில் குதித்த குயிலியின் கதையைச் சீமையில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அயித்தான் இன்னும் சம்மதிக்கவில்லை. “கணக்குப்பிள்ளை கதையால்ல இருக்கு” என்கிறார். சரி, சித்தர் குகையிலேயே இருக்கட்டும், கந்தகத்தை மட்டும் செட்டியார் கடையில் கடனுக்கு வாங்கட்டும் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

“எத்தனை வட்டிக்கு?”