தொட்டியா, தார்ப்பாயா?

சென்னைக் கடற்கரைச் சாலையில் நடக்கும் 21 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு முதலுதவிக் குழுவில் நான்கு ஆண்டுகளாக இருக்கிறேன். ஹீட் ஸ்ட்ரோக் வந்து விழுபவரைக் குளிர்விக்க எதை வாங்குவது என்று ஆண்டுதோறும் வாக்குவாதம் நடக்கும். இம்முறை வழிநெடுகத் தார்ப்பாய்தான் என்று முடிவு செய்துவிட்டோம். எனக்கு முழுச் சம்மதம்.

அடையாளம் காண்பதில் அதிகக் குழப்பமில்லை. சோர்ந்து படுத்தாலும் பேச்சு தெளிவாக இருந்தால் நிழலும் தண்ணீரும் போதும், கண்காணித்தால் சரி. ஆனால் உளறினால், தள்ளாடினால், தொட்டவரிடம் சண்டைக்கு வந்தால், வலிப்பு வந்தால் ஹீட் ஸ்ட்ரோக் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். உடலின் உள்வெப்பம் பொதுவாக 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கும். வியர்வை நின்றிருக்கும் என்பதை நம்பவே கூடாது. ஓடி விழுபவர் தொப்பலாக நனைந்தே கிடப்பார். நெற்றியில் காட்டும் கருவி ஏமாற்றும், ஆசனவாய் வழியே அளப்பதுதான் நம்பகமானது. பாராசிட்டமால் கொடுத்துப் பயனில்லை, இது காய்ச்சல் அல்ல.

அக்குளிலும் தொடை இடுக்கிலும் ஐஸ் பை வைப்பதுதான் பலரும் அறிந்த முறை. மலிவு, எளிது, ஆனால் மெதுவானது. தோலில் அது தொடுகிற இடம் அவ்வளவு குறைவு. ஈரத்துணியும் விசிறியும் வறண்ட ஊருக்குச் சரி. சென்னைப் புழுக்கத்தில் வியர்வையே உலராதபோது துணியில் உள்ள தண்ணீர் எங்கே உலரப்போகிறது?

வேகத்தில் ஐஸ் தண்ணீர்த் தொட்டியை எதுவும் மிஞ்சாது. அமெரிக்காவின் ஃபால்மவுத் சாலை ஓட்டத்தில் 18 ஆண்டுகளில் பதிவான 274 ஹீட் ஸ்ட்ரோக் நோயாளிகளைக் குளிர்நீரில் அமிழ்த்தினார்கள். அத்தனை பேரும் பிழைத்தார்கள். இம்முறையில் உள்வெப்பம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 0.2 டிகிரி குறையும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சிக்கல் தொட்டி நிற்கும் இடத்தில்தான். எங்கள் தொட்டி முடிவுக்கோட்டில் இருந்தது. இரண்டாம் ஆண்டில் ஒருவர் 17-ஆவது கிலோமீட்டரில் விழுந்தார். ஸ்ட்ரெச்சர் தேடி, வண்டியை வரவழைத்து, ஓடுபவர்களை விலக்கி அவரைத் தொட்டியில் இறக்க இருபது நிமிடம் ஆயிற்று. விழுந்த அரை மணி நேரத்துக்குள் உள்வெப்பம் 39-க்கு இறங்க வேண்டும் என்பதே இலக்கு. அதில் மூன்றில் இரண்டு பங்கைப் பயணமே தின்றுவிட்டது. அவர் தேறினார், எங்களுக்குத்தான் அன்று இரவு தூக்கம் வரவில்லை. இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு தொட்டி வைக்கலாமே என்றால், ஒவ்வொன்றையும் 200 லிட்டர் நிரப்பி, விடியற்காலை நான்கு மணிக்கு ஐஸ் போட்டு, யாருமே விழாத நாளிலும் உருகவிட வேண்டும்.

தார்ப்பாய் மடித்தால் ஒரு பைக்குள் அடங்கும். விழுந்த இடத்திலேயே விரித்து, அவரை நடுவில் கிடத்தி, ஐந்தாறு பேர் ஓரங்களைத் தூக்கிப் பிடித்தால் அதுவே தொட்டியாகிவிடும். தண்ணீர் கொடுக்கும் மேசைகளில் எப்படியும் இருபது லிட்டர் கேன்கள் இருக்கும். ஐந்து கேன் தண்ணீரும் தெர்மாகோல் பெட்டி ஐஸும் கொட்டி மெல்ல ஆட்ட வேண்டும். ஒருவர் தலைமாட்டில் நின்று முகத்தை நீருக்கு மேலே பிடித்துக்கொள்வார், வேறு வேலை பார்க்கக் கூடாது. குளிரும் வேகம் தொட்டியைவிடச் சற்றுக் குறைவுதான், ஆனால் விழுந்த ஐந்தாவது நிமிடத்தில் தொடங்கிவிடலாம்.

ஒத்திகை பலமுறை பார்த்திருக்கிறோம். உண்மையான நோயாளிக்கு ஒரே முறைதான் செய்திருக்கிறோம், அவரும் இளைஞர். வெயில் காலத்தில் வீட்டுக்குள் மயங்கிக் கிடக்கும் முதியவருக்கும் இதய நோயாளிக்கும் இதே முறை பொருந்துமா என்பதை நான் பார்த்ததில்லை. ஐந்தாறு பேர் கிடைக்காத இடத்தில் தார்ப்பாய் வெறும் துணி.

அந்த ஒரு முறை வந்த ஆம்புலன்ஸ்காரர் உடனே ஏற்றச் சொன்னார். வெப்பமானி 39 காட்டும்வரை காத்திருங்கள் என்று கெஞ்ச வேண்டியிருந்தது. பழைய தொட்டியை விற்கவில்லை. பலர் விழுவது முடிவுக்கோட்டில்தான், அங்கே அது நிற்கட்டும்.