என்கிளெக்ஸில் தோற்றவருக்கு வரும் ரிப்போர்ட்: எவ்வளவு பயன், எங்கே போதாது

அமெரிக்காவில் நர்ஸ் உரிமம் பெற எழுதும் என்கிளெக்ஸ்-ஆர்என் தேர்வில் பாஸானவருக்கு மதிப்பெண்ணும் கிடையாது, விளக்கமும் கிடையாது. 'பாஸ்' என்ற ஒரு சொல்லோடு சரி. தோற்றவருக்கு மட்டும் கேண்டிடேட் பெர்ஃபார்மன்ஸ் ரிப்போர்ட் என்று ஒன்று வரும். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. இரண்டாவது, மூன்றாவது முறை தோற்றவர்களில் பலர் அதை ஒரே ஒரு தடவை பார்த்து, அழுது, மூடி வைத்துவிடுகிறார்கள். மறுநாளே பயிற்சிக் கேள்விகள் தரும் புதிய கொஸ்டின் பேங்க் ஒன்றுக்குப் பணம் கட்டுகிறார்கள். முதலில் படிக்க வேண்டியது அந்த ரிப்போர்ட்டைத்தான். அதனால் இந்த விமர்சனமும் அதிலிருந்தே தொடங்குகிறது. யூவேர்ல்டு என்ற கொஸ்டின் பேங்க் பற்றிப் பிறகு.

பணக் கணக்கை முதலிலேயே சொல்லிவிடலாம். ஒவ்வொரு முறையும் பதிவுக் கட்டணம் 200 டாலர். சென்னை மையத்தில் எழுதினால் வெளிநாட்டு இட ஒதுக்கீட்டுக்கு மேலும் 150 டாலர். தோற்றால் இந்த 350-ம் மறுபடி முதலிலிருந்து. இரண்டு முயற்சிகளுக்கு நடுவே குறைந்தது 45 நாள் இடைவெளி வேண்டும். ஆண்டுக்கு அதிகபட்சம் 8 முறை, அதுவும் நீங்கள் விண்ணப்பித்த மாநில நர்சிங் வாரியம் அனுமதித்தால்தான். நியூயார்க்கில் எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை. ஃப்ளோரிடாவில் மூன்று முறை தோற்றால் வாரியம் ஒப்புக்கொண்ட ரெமிடியல் படிப்பை முடித்த பிறகே அடுத்த முயற்சி. டெக்சாஸில் படிப்பு முடித்த நான்கு ஆண்டுக்குள் பாஸாக வேண்டும். அடுத்த தேதியைப் பிடிப்பதற்கு முன் உங்கள் வாரியத்தின் விதியைப் பார்ப்பது அவசியம்.

ரிப்போர்ட் கைக்கு வரும் வரை இருக்கும் நாட்கள்தான் மிகக் கொடுமை. அந்த நேரத்தில் ஆளாளுக்குச் சொல்வது 'பியர்சன் வியூ ட்ரிக்' (பியர்சன் வியூ என்பது தேர்வுக்குப் பதிவு செய்யும் நிறுவனம்). மறுபடி பதிவு செய்வதுபோல் போய்ப் பாருங்கள், 'நல்ல பாப்-அப்' வந்தால் பாஸ் என்பார்கள். தேர்வை நடத்தும் என்சிஎஸ்பிஎன் இதை ஏற்பதில்லை. போதாததற்கு, கார்டில் பணம் பிடிபட்டுவிடும் ஆபத்தும் உண்டு. அதிகாரபூர்வமான வழி க்விக் ரிசல்ட்ஸ். தேர்வு முடிந்து இரண்டு வேலை நாள் கழித்து, 7.95 டாலர். எல்லா வாரியங்களும் அதில் சேர்ந்திருக்கவில்லை. வருவது பாஸா ஃபெயிலா என்ற ஒரு வார்த்தைதான், ரிப்போர்ட் அதில் வராது. ஆனாலும் தூக்கம் கெடுவதை நிறுத்த அந்த எட்டு டாலர் தகும். வாரியத்தின் அதிகாரபூர்வ முடிவுக்கு ஆறு வாரம் வரை ஆகலாம்.

இனி ரிப்போர்ட். முதலில் கண் போக வேண்டியது நீங்கள் எத்தனை கேள்விக்குப் பதில் எழுதினீர்கள் என்ற எண்ணுக்கு. இந்தத் தேர்வில் குறைந்தது 85 கேள்வி, அதிகபட்சம் 150. கம்ப்யூட்டர் ஒவ்வொரு பதிலுக்குப் பிறகும் உங்கள் திறனை மறுபடி கணக்கிடுகிறது. நீங்கள் தேர்ச்சிக் கோட்டுக்கு மேலே அல்லது கீழே என்று 95 சதவீதம் உறுதியானதும் திரை அணைந்துவிடும். ஆக 85-ல் நின்று தோற்றவரும் 150-ல் தோற்றவரும் ஒரே நிலையில் இல்லை. 85-ல் தோற்றால் பாட அறிவிலேயே பெரிய பள்ளம் இருக்கிறது என்று பொருள். 45-வது நாளில் ஓடிப்போய் எழுதுவது 350 டாலரைத் தண்ணீரில் விடுவதுதான். 150 வரை போனவர் கடைசிக் கேள்வி வரை கோட்டை ஒட்டியே இருந்திருக்கிறார். அவருக்குப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படிப்பது தேவையில்லாத வேலை. இரண்டு மூன்று இடங்களைச் சரி செய்தால் போதும்.

அடுத்தது தேர்வுப் பாடத்தின் எட்டுப் பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் தேர்ச்சிக் கோட்டுக்கு மேலே, அருகில், கீழே என்ற மூன்றில் ஒன்று எழுதியிருக்கும். பலரும் தடுக்கி விழுவது இங்கேதான். பகுதி பகுதியாகப் பாஸ், ஃபெயில் போடுவதில்லை. மொத்தத் திறனுக்குத்தான் முடிவு. 'அருகில்' என்பதைப் பாஸ் என்று எடுத்துக்கொண்டு எட்டிலும் 'அருகில்' வாங்கியவர் ஏன் தோற்றோம் என்று குழம்புவதில் அர்த்தமில்லை.

எல்லாப் பகுதிக்கும் ஒரே எடையும் இல்லை. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டப்படி மேனேஜ்மென்ட் ஆஃப் கேர் (யாருக்கு எந்த வேலை, எது முதலில் என்று பராமரிப்பை நிர்வகிப்பது) 15 முதல் 21 சதவீதம், மருந்தியல் 13 முதல் 19, பிசியலாஜிக்கல் அடாப்டேஷன் (உடல் நோய்களைக் கவனிப்பது) 11 முதல் 17. சைக்கோசோஷியல் (மனநலம்), ஹெல்த் ப்ரமோஷன் (நோய்த் தடுப்பு), பேசிக் கேர் (அன்றாடப் பராமரிப்பு) மூன்றும் தலா 6 முதல் 12 தான். 85 கேள்வியில் 15, வருங்காலத் தேர்வுகளுக்காகச் சோதித்துப் பார்க்கும் கேள்விகள், அவை கணக்கில் சேராது. மீதி 70-ல் சைக்கோசோஷியல் என்றால் நாலிலிருந்து எட்டு கேள்வி. அந்த நாலைந்தில் இரண்டு தவறினால்கூடப் படம் மாறிவிடும். ஒரே ரிப்போர்ட்டில் சைக்கோசோஷியல் 'கீழே' என்று வந்ததற்காக மூன்று வாரம் மனநலப் பாடத்தில் உட்காராதீர்கள். மேனேஜ்மென்ட் ஆஃப் கேர் 'கீழே' என்றால் நம்புங்கள், அது பத்துப் பதினைந்து கேள்வியின் சாட்சி.

இரண்டு மூன்று முறை தோற்றவர் கையில் ஒரு முறை தோற்றவரிடம் இல்லாத ஒன்று இருக்கிறது: ஒன்றுக்கு மேற்பட்ட ரிப்போர்ட். எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒவ்வொரு முறையும் 'கீழே' வரும் பகுதிதான் உண்மையான பலவீனம். ஒரு முறை மேலே, மறுமுறை கீழே என்று ஆடுவதை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

குறையையும் சொல்லியாக வேண்டும். எத்தனை சரி, எத்தனை தவறு என்று ரிப்போர்ட் சொல்லாது. எந்தக் கேள்வியையும் காட்டாது. எல்லாவற்றையும்விட முக்கியம், ஏன் தவறியது என்று அதில் இருக்காது. பாடம் தெரியாமல் தவறியதா, கேள்வியைத் தப்பாகப் படித்ததா, முன்னுரிமை வைக்கத் தெரியாததா? மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. அதைக் கண்டுபிடிக்கத்தான் கொஸ்டின் பேங்க் வேண்டும்.

யூவேர்ல்டு வாங்கலாமா? முதல் முறை வேறு ஏதோ வைத்துப் படித்துத் தோற்றவர் வாங்கலாம். அதன் பலம் விளக்கங்களில்தான். சரியான விடை ஏன் சரி என்பதோடு, மற்ற விடைகள் ஒவ்வொன்றும் ஏன் தவறு என்றும் எழுதியிருப்பார்கள். படங்களும் நன்றாக இருக்கும். என்கிளெக்ஸ் பகுதிவாரியாகக் கேள்வியைப் பிரித்தெடுக்கலாம். அதாவது ரிப்போர்ட்டில் 'கீழே' வந்த பகுதியை மட்டும் எடுத்துப் பழகலாம்.

ஏற்கெனவே அதை ஒரு முறை முடித்துவிட்டுத் தோற்றவர் சந்தாவைப் புதுப்பிப்பதற்கு முன் யோசிக்க வேண்டும். இரண்டாம் சுற்றில் சதவீதம் ஏறும். அதில் எவ்வளவு அறிவு, எவ்வளவு ஞாபகம் என்று பிரிக்க முடியாது. கேள்வியின் முதல் வரியிலேயே விடை நினைவுக்கு வந்துவிட்டால் அந்தக் கேள்வியால் இனிப் பயன் இல்லை. இப்படிப்பட்டவர் பழைய கேள்விகளின் விளக்கங்களை மட்டும் குறிப்பாக எடுத்துக்கொண்டு, பழகுவதற்கு வேறொரு கொஸ்டின் பேங்கை எடுப்பதே நல்லது. என்சிஎஸ்பிஎன் இலவசமாகத் தரும் மாதிரித் தேர்வுத் திரையையும் ஒரு முறை ஓட்டிப் பார்க்க வேண்டும். கேஸ் ஸ்டடி, போ-டை போன்ற புதிய கேள்வி வகைகள் எல்லாம் திரையில் எப்படி நிற்கும் என்று கை பழகும்.

டெலிகிராமில் சுற்றும் பிடிஎஃப்களை ஒதுக்குங்கள். 265 கேள்வி, 6 மணி நேரம் என்று எழுதியிருந்தால் அது 2020-க்கு முந்தையது. 'செலக்ட் ஆல்' (சரியான விடைகள் எல்லாவற்றையும் டிக் செய்யும்) கேள்வியில் ஒன்று தவறினாலும் முழுப் பூஜ்யம் என்று சொன்னால் 2023 ஏப்ரலுக்கு முந்தையது. இப்போது அந்த வகையில் சரியான ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண் கூடும், தவறான ஒவ்வொன்றுக்கும் ஒன்று கழியும், பூஜ்யத்துக்குக் கீழே போகாது. ஆறு விடையில் மூன்று சரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று சரியும் ஒரு தவறும் டிக் செய்தால் 2. உறுதியாகத் தெரிந்த இரண்டை மட்டும் டிக் செய்தாலும் 2. ஆறையும் டிக் செய்தால் 0. பழைய பாடத்தை நம்பி எதையாவது டிக் செய்து தள்ளுபவர் இங்கே மதிப்பெண்ணை இழக்கிறார்.

இந்தியாவில் படித்து வேலை பார்த்த நர்ஸுகள் எங்கே சறுக்குகிறார்கள் என்பதற்கு ஒரு கேள்வியைக் கிட்டத்தில் பார்க்கலாம். டைஜாக்ஸினும் (இதய மருந்து) ஃப்யூரோசமைடும் (சிறுநீரை அதிகரிக்கும் மருந்து) சாப்பிடும் 72 வயது நோயாளி. காலை டைஜாக்ஸின் டோஸுக்கு முன் ஏபிக்கல் பல்ஸ் (நெஞ்சில் கேட்டு எண்ணும் இதயத் துடிப்பு) 54. குமட்டல். விளக்கைச் சுற்றி மஞ்சள் வளையம் தெரிகிறது என்கிறார். பொட்டாசியம் 2.9. நர்ஸ் முதலில் செய்ய வேண்டியது என்ன? டாக்டரிடம் சொல்வதா, டோஸை நிறுத்தி வைப்பதா, ஒரு மணி நேரம் கழித்துப் பல்ஸ் பார்ப்பதா, பொட்டாசியம் உள்ள உணவு தருவதா?

நம் வார்டுகளில் கை தானாகப் போவது டியூட்டி டாக்டருக்கான போனுக்கு. என்கிளெக்ஸ் எதிர்பார்ப்பது டோஸை நிறுத்தி வைப்பதை. நர்ஸ் தன் அதிகாரத்துக்குள் உடனே செய்யக்கூடியது, ஆபத்தை அந்த நொடியே தடுப்பது அதுதான். போன் அதற்கு அடுத்தது. 'முதலில் அசெஸ்மென்ட்' (நோயாளியின் நிலையை ஆராய்வது) என்று மனப்பாடம் செய்தவர் மறுபடி பல்ஸ் பார்ப்பதைத் தேர்ந்தெடுப்பார். அதுவும் தவறு, ஏனென்றால் அசெஸ்மென்ட் கேள்விக்குள்ளேயே முடிந்துவிட்டது. பல்ஸ் 60-க்குக் கீழே, மஞ்சள் வளையம், குமட்டல் எல்லாம் டைஜாக்ஸின் நச்சு. ஃப்யூரோசமைடு பொட்டாசியத்தை வெளியேற்ற, பொட்டாசியம் குறையக் குறைய டைஜாக்ஸின் இதயத்தில் இன்னும் வலுவாகப் பற்றும். இந்தக் காரணச் சங்கிலி தெரிந்தவருக்கு விடையை ஊகிக்க வேண்டியதே இல்லை.

மேனேஜ்மென்ட் ஆஃப் கேர் கடினமாக இருப்பதற்கும் இதுபோல் காரணம் உண்டு. ஆர்என் (பதிவு பெற்ற நர்ஸ்), எல்பிஎன் (அதற்குக் கீழ்நிலை உரிமம் உள்ள நர்ஸ்), நர்சிங் அசிஸ்டென்ட் என்ற அமெரிக்கப் பிரிவு நம் வார்டில் இல்லை. நிலையாக இருக்கும் நோயாளியைக் குளிப்பாட்டுவது, நடக்க வைப்பது, வைட்டல்ஸ் எடுப்பது, இன்டேக்-அவுட்புட் குறிப்பது அசிஸ்டென்டிடம் போகலாம். முதல் அசெஸ்மென்ட், கற்பித்தல், மதிப்பீடு மூன்றும் ஆர்என்னை விட்டு நகராது. மருந்துப் பெயர்களிலும் கவனம் தேவை. நம் பாராசிட்டமால் அங்கே அசிட்டமினோஃபென், சால்பியூட்டமால் அங்கே அல்பியூட்டெரால், பெத்திடின் அங்கே மெபெரிடின். மொத்தம் இருபது முப்பது பெயர்கள்தான் இருக்கும், ஒரே நாளில் எழுதி ஒட்டிவிடலாம்.

பழகும் முறை பற்றிச் சுருக்கமாக. டியூட்டி நாளில் 40 கேள்விக்கு மேல் வேண்டாம். டைமர் வைத்து, எல்லாப் பகுதியும் கலந்து எழுதுங்கள். எழுத ஒரு மணி நேரம் என்றால் விளக்கம் படிக்க இரண்டு மணி நேரம். தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் நோட்டில் ஒரு வரி: எந்தப் பகுதி, கேள்வி கேட்டது என்ன, நான் ஏன் அந்த விடையைப் பிடித்தேன், அடுத்த முறைக்கு என்ன விதி. அதில் மூன்றாவதான 'ஏன்' என்பதை நேர்மையாக நிரப்புங்கள். இரண்டு வாரம் கழித்து எண்ணிப் பார்த்தால் 'தெரியவில்லை' அதிகமா, 'தெரிந்தும் மாற்றினேன்' அதிகமா என்று தெரியும். ரிப்போர்ட் சொல்லாமல் விட்டது அதுதான். வீட்டில் எப்போதும் ட்யூட்டர் மோடில் (ஒவ்வொரு கேள்விக்கும் உடனே விடை காட்டும் முறை), நேரம் பார்க்காமல் பழகியவர்கள் தேர்வறையில் நூறாவது கேள்வியைத் தாண்டும்போது தளர்ந்துபோகிறார்கள். வாரத்துக்கு ஒரு முறை, தேர்வைப் போலவே நடுவில் சிறு இடைவேளையோடு ஐந்து மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள்.

தேர்வுக்குள் மனம் உடைவதற்கு ஒரு தவறான எண்ணமும் காரணம். இந்தத் தேர்வு உங்களுக்குப் பாதிக்குப் பாதி சரியாக வரக்கூடிய கேள்விகளைத் தேடித் தேடித் தருகிறது. பாஸாகப் போகிறவருக்கும் எதுவும் தெரியாததுபோலத்தான் இருக்கும். 85 தாண்டியும் கேள்வி வந்தால் நீங்கள் இன்னும் தோற்கவில்லை என்று அர்த்தம்.

ரிப்போர்ட் வந்த முதல் ஒரு வாரம் படிக்க வேண்டாம். இதை நாங்கள் அழுத்தியே சொல்கிறோம். ஏஜென்சிக் கடன், வீட்டில் கேட்கும் கேள்வி, கூடப் படித்தவர் விமானம் ஏறிய போட்டோ எல்லாம் சேர்ந்து அழுத்தும்போது விளக்கம் எதுவும் மண்டையில் ஏறாது. எத்தனையாவது முயற்சி என்பதை வீட்டில் ஒருவரிடமாவது மறைக்காமல் சொல்லுங்கள். இரண்டு வாரம் தாண்டியும் தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் டெலி-மானஸ் 14416-க்குப் போன் செய்யுங்கள். வாழ வேண்டாம் என்று தோன்றினால் இரண்டு வாரம் காத்திருக்காமல் அந்த நிமிடமே. கட்டணமில்லை, 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். நைட் டியூட்டி முடிந்து விடியற்காலை நான்கு மணிக்கும் அழைக்கலாம்.