செல்ஃப் கணீரென்று அடிக்கிற வண்டிக்கு எதற்குப் புது பேட்டரி?

ஏற்காட்டில் எங்கே தங்கினோம், என்ன பார்த்தோம் என்றெல்லாம் எழுதப் போவதில்லை. அதில் ஒரு குறையும் இல்லை. சேலத்தில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் என் தலையில் கட்டிய பேட்டரியைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

வண்டி அப்பாவுடையது. மார்க் 4 அம்பாசிடர், 1489 சிசி பெட்ரோல். அடிவாரம் தாண்டி, 20 கொண்டை ஊசி வளைவில் பாதிக்கு மேல் ஏறியிருப்போம். இரண்டு முறை இருமிவிட்டு நின்றுவிட்டது. செல்ஃப் அடித்தால் எஞ்சின் ஜோராகச் சுற்றுகிறது, அதாவது பேட்டரியில் குறையில்லை; ஆனால் பிடிக்கவில்லை. பின்னால் வந்த எஸ்டேட் ஜீப் டிரைவர், "ஏர்லாக்கா இருக்கும் சார்" (சூட்டில் பெட்ரோல் ஆவியாகி வழியை அடைப்பது) என்று பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணியைச் சுற்றினார். பலனில்லை. கார்பரேட்டருக்குப் போகிற டியூபைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டு செல்ஃப் அடிக்கச் சொன்னார். பெட்ரோல் பீய்ச்சி அடித்தது. "பெட்ரோல் நல்லா வருதுங்க. பிளக்குக்குக் கரண்ட்தான் போகல. சூடு ஆறட்டும், எடுத்துரும்" என்றார். அரை மணி நேரத்தில் எடுத்தது. வண்டியைத் திருப்பிச் சேலத்துக்கே இறக்கிவிட்டோம்.

மலைப்பாதையில் ஐந்து நிமிடத்தில் அவர் கண்டு சொன்னதை அப்படியே ஒர்க்‌ஷாப்பில் சொன்னேன். கண்ணாடிக் கதவு, ஏசி, காபி, போனுக்கு மெசேஜ் எல்லாம் நான் இருக்கும் மெல்போர்ன் மாதிரியே. சாயங்காலம் போன் வந்தது: "பேட்டரி வீக் சார், மாத்தியாச்சு. பிளக்கும் புதுசு." பில் ஏழாயிரத்தைத் தாண்டியது.

மறுநாள் மத்தியானம் அஸ்தம்பட்டி சிக்னல் நெரிசலில் அதே இருமல், அதே நிற்றல். திரும்பப் போனால், "20 சதவீதம் எத்தனால் கலக்கிறாங்க சார், பழைய வண்டிக்கு ஒத்துக்காது" என்கிறார்கள். எத்தனால் பழைய ரப்பர் டியூப்களைக் கெடுக்கும், அது உண்மைதான். ஆனால் பெட்ரோல்தான் தாராளமாக வருகிறதே! பானட்டைத் திறந்து பார்த்தேன். பிளக்குகளுக்குக் கரண்ட்டைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைப் பிடித்திருக்கும் இரண்டு கிளிப்பிலும் படிந்த எண்ணெய்ப் பிசுக்கு கலையவே இல்லை. ஒருவர்கூட அதைத் திறக்கவில்லை. ஸ்டார்ட் ஆகாத பெட்ரோல் வண்டியில் பிளக்குக்குக் கரண்ட் வருகிறதா என்று பார்க்காமலே பில் போட்டிருக்கிறார்கள். எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

மெல்போர்னில் 25 வயது தாண்டிய வண்டிகளுக்கு கிளப் பர்மிட் உண்டு. வருஷத்துக்கு 45 அல்லது 90 நாள் ஓட்டலாம். அங்கே இந்த டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட், கன்டென்சர் தெரிந்தவர்கள் பெரும்பாலும் ரிட்டையர் ஆன ஆசாமிகள். ஞாயிற்றுக்கிழமை ஷெட்டில் பொழுதுபோக்காகச் செய்வார்கள். நம் ஊரில் அது ஒருவருடைய பிழைப்பு. அவரைத் தேடிப் போவதற்குள்தான் கண்ணாடிக் கதவு நம்மை இழுத்துவிடுகிறது.

தம்பி கடைசியில் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கூட்டிப்போனான். அறுபதைத் தாண்டியவர். நான் கதையை ஆரம்பித்ததுமே, "ஆறின வண்டியில ஒண்ணும் தெரியாது தம்பி. ஓட விடுங்க, சூடாகி நிக்கட்டும்" என்றார். பானட்டை மூடி, வண்டியை ஓடவிட்டு, அது தானாக நிற்கும்வரை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

நின்றதும் டிஸ்ட்ரிபியூட்டர் நடுவிலிருந்து காயில் வயரைப் பிடுங்கி, ரப்பர் பிடி போட்ட குறடால் அதன் நுனியை எஞ்சின் பிளாக்குக்குக் கிட்டே பிடித்தார். செல்ஃப் அடித்தேன். மஞ்சளாக, நூல் மாதிரி ஒரு பொறி; அதுவும் விட்டு விட்டு. மூடியைக் கழற்றினார். பாயிண்ட் கருகி, ஒரு பக்கம் குழி, மறு பக்கம் மேடு. "கன்டென்சர் போயிருச்சு தம்பி."

பாயிண்ட் என்பது காயிலுக்குப் போகிற கரண்ட்டை விட்டு விட்டுத் துண்டிக்கிற ஸ்விட்ச். அது திறக்கும்போது அங்கே பாய வருகிற கரண்ட்டைக் கன்டென்சர் வாங்கிக்கொள்ள வேண்டும். அப்போதுதான் காயிலின் காந்தப்புலம் சட்டென்று சரிந்து, பிளக்குக்குத் தேவையான உயர் வோல்டேஜ் பிறக்கும். கன்டென்சர் கெட்டால் பொறி பிளக்குக்குப் போகாமல் பாயிண்ட்டிலேயே எரியும். உள்ளே சுருட்டி வைத்த தகடும் காப்புத் தாளும் பழசாகிவிட்டால், ஆறியிருக்கும்போது சமாளிக்கும், சூடானதும் கசியும். பாதி மலை ஏறிய பிறகு நின்றதும், அரை மணியில் மறுபடி எடுத்ததும் இதனால்தான்.

முதலில் கன்டென்சரை மட்டும் மாற்றிவிட்டு மறுபடி பிடித்துக் காட்டினார். நீலமாக, சத்தத்தோடு அடித்தது. அப்புறம்தான் பாயிண்ட் செட்டை மாற்றி, ஃபீலர் கேஜ் நுழைத்து 0.38 மில்லிமீட்டருக்கு இடைவெளி வைத்தார். ஒரே நேரத்தில் நாலு சாமானை மாற்றினால் எது கெட்டிருந்தது என்றே தெரியாது என்பது அவர் கணக்கு. பாயிண்ட்டே இல்லாத எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டுவிடலாமா அண்ணா என்று கேட்டேன். "போடலாம். ஆனா அது மலையில நின்னா நீங்க ஒண்ணும் செய்ய முடியாது. இது ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும்." டேஷ்போர்டில் வைத்துக்கொள்ள இன்னொரு கன்டென்சரும் கொடுத்தார். எல்லாம் சேர்த்து 650 ரூபாய்.

அடுத்த நாள் ஏற்காடு ஒண்டிக்கடை வரை நிற்காமல் ஏறினோம். ஒர்க்‌ஷாப்பில் பழைய பேட்டரியைத் தம்பி திருப்பிக் கேட்டான், எக்ஸ்சேஞ்சில் போய்விட்டதாம். பேட்டரிப் பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறோம். நான் கிளம்பும்வரை பதில் வரவில்லை, தம்பி விடப்போவதில்லை.